420 டாலருக்கு ஒரு பழைய அட்டை: நைஜீரியா ரெக்கார்டு தேடுபவர்கள் கவனத்துக்கு

கோபம் கொஞ்சம் அடங்கட்டும், அப்புறம் எழுதலாம் என்றுதான் இருந்தேன். நேற்று ராத்திரி, பழைய இசைத்தட்டு ஒன்றை வாங்கி நான் ஏமாந்த தளத்திலிருந்து “உங்கள் புகார் முடித்துவைக்கப்பட்டது” என்று மெயில் வந்தது. இனி அடங்காது. போனது 420 டாலர். தபால் செலவும் சுங்க வரியும் தனி.

வாங்கியது வில்லியம் ஒன்யேபோரின் ‘அட்டாமிக் பாம்’ என்ற இசைத்தட்டு, 1978-ஆம் வருஷத்து நைஜீரியப் பதிப்பு. அதாவது, அப்படிச் சொல்லி விற்றார்கள். ஒன்யேபோரைத் தெரியாதவர்களுக்கு: நைஜீரியாவின் எனுகு நகரத்துக்காரர். 1977-க்கும் 1985-க்கும் நடுவில் வில்ஃபிலிம்ஸ் என்ற தன் சொந்த லேபிளில், அதாவது இசை வெளியீட்டு நிறுவனத்தில், ஏறக்குறைய வருஷத்துக்கு ஒரு எல்பி (முழு ஆல்பத் தட்டு) போட்டவர். சிந்தசைசரும் டிரம் மெஷினும் பின்னால் பெண்களின் கோரஸுமாக அவர் செய்த ஃபங்க் எனும் ஆட்ட இசையை ஒரு தடவை கேட்டால் விடாது. பிறகு முழுக்கப் பக்திப் பக்கம் போய், பழைய பாட்டைப் பற்றிப் பேசவே மறுத்துவிட்டார். 2013-ல் நியூயார்க்கின் லுவாக்கா பாப் என்ற லேபிள் ஒரு தொகுப்பு வெளியிட்டது. பழைய ஆல்பங்களும் மறுபதிப்பாக வந்தன. 2017-ல் காலமானார்.

மறுபதிப்பு இருக்கும்போது அசல் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. எழுபதுகளின் மேற்கு ஆப்பிரிக்க ரெக்கார்டுகள் பலவற்றுக்கு மாஸ்டர் டேப்பே, அதாவது மூல ஒலிநாடாவே, மிஞ்சவில்லை. கிடைத்த பழைய தட்டிலிருந்தே ஒலியை எடுத்துச் சுத்தம் செய்து மறுபடி அச்சடிக்கிறார்கள். அந்தத் தட்டுகளும் அதிகம் இல்லை. கொஞ்சமாகத்தான் அச்சடித்தார்கள், அடித்ததையும் பாரிலும் விருந்திலும் தேய்ந்த ஊசியில் ஓட்டித் தீர்த்தார்கள், மிச்சத்தை வெயிலும் ஈரமும் பார்த்துக்கொண்டன. எண்பதுகளில் கேசட் வந்ததும் மூலையில் போனவை எத்தனையோ. தப்பிப் பிழைத்த ஒன்று கையில் இருக்க வேண்டும் என்பது என் ஆசை. அதற்கு யாரிடமும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

வாங்கிய இடம், பழைய இசைத்தட்டுகளை வாங்கவும் விற்கவும் என்றே இருக்கும் ஒரு தளம். பெயர் போடவில்லை. விற்றவர் ஐரோப்பாவில் இருக்கும் ஒரு சேகரிப்பாளர். நட்சத்திரம் எல்லாம் நிறையவே வாங்கியிருந்தார். தலைப்பில் “ஒரிஜினல் நைஜீரியா 1978, தட்டு விஜி பிளஸ், உறை விஜி” என்று இருந்தது. (விஜி என்றால் ‘வெரி குட்’, சேகரிப்பாளர்கள் நிலையைச் சொல்லும் தரக்குறி; பிளஸ் அதைவிட ஒரு படி மேல்.) உறையின் கீழ்மூலையில் ஈரக்கறை, பின்பக்கம் யாரோ பால்பாயிண்ட் பேனாவில் போட்ட கையெழுத்து, நடுவில் தட்டு அழுத்தி விழுந்த வட்டத் தடம். எல்லாம் படத்தில் தெளிவாகத் தெரிந்தது.

நம்பிக்கை வந்தது படத்தால் அல்ல, பேச்சால். கேள்வி கேட்டால் உடனே பதில். எனுகுவிலும் ஒனிட்ஷாவிலும் வீடு வீடாகத் தேடி அலைந்த கதை, மழைக்காலத்தில் பெட்டி பெட்டியாகப் பூஞ்சை பிடித்துப்போன கதை, தபான்சி லேபிள் தட்டுகளை மொத்தமாக வாங்கி ஏமாந்த கதை. தான் ஏமாந்த கதையைச் சொல்கிறவன் நம்மை ஏமாற்ற மாட்டான் என்று மனசு தானாகக் கணக்குப் போட்டுவிடுகிறது. ஒலி கேட்க முடியுமா என்றேன். தட்டை ஓட்டி ஒரு சின்னப் பதிவு அனுப்பினார். லேசான கரகரப்பு, நடுவில் ‘டொக், டொக், டொக்’ என்று மூன்று தட்டல். “இந்த இடத்தில் ஒரு கீறல் இருக்கிறது, மறைக்க மாட்டேன்” என்று அவரே எழுதினார். அந்த வரிக்குத்தான் 420 டாலர் கொடுத்தேன்.

பார்சல் வந்தது. உறை அசல்தான், இப்போதும் அதில் சந்தேகமில்லை. கறை, கையெழுத்து, பழைய பெட்டி வாடை எல்லாம் இருந்தது. உள்ளே இருந்த தட்டை வெளியே எடுத்ததுமே வயிற்றைப் பிசைந்தது. கண்ணாடி மாதிரி பளபளப்பு, கையில் கனம். நடுத் துளையைச் சுற்றி ஒரு கோடு கிடையாது. நாற்பது வருஷத்துக்கு மேல் ஆட்டம் போட்டவர்கள் கையில் இருந்த தட்டு என்றால், இருட்டில் தடவித் தடவி மாட்டியதில் துளையைச் சுற்றி, நடுவில் ஒட்டிய லேபிள் காகிதம் முழுக்க மெல்லிய கோடுகள் விழுந்திருக்கும். கடைசிப் பள்ளத்துக்கும் லேபிளுக்கும் நடுவில் உள்ள வெற்றுப் பகுதியை விளக்குக்கு நேரே சாய்த்துப் பார்த்தேன். இந்தக் காலத்து அச்சு ஆலைகள் பொறிக்கும் பாணியில் ஒரு நீளக் குறியீடு. ஓட்டிப் பார்த்தேன். அவர் அனுப்பிய அதே பாட்டு, அதே இடம். ஒரு தட்டல் கூட இல்லை. அவர் ஓட்டிக் காட்டியது வேறு தட்டு!

சரியாகப் புரிந்துகொள்ளுங்கள். பழைய உறைக்குள் புது மறுபதிப்பைப் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். நியாயமாக விற்கும் கடையில் இதைப் புதிதாக, உறையோடு, 420 டாலரில் ஒரு சின்னப் பங்குக்கு வாங்கலாம். அதில் உரிமைத்தொகை என்று கொஞ்சமாவது போகும். நான் கொடுத்ததில் எனுகுவுக்கு ஒரு பைசா போயிருக்காது.

அப்புறம் தொடங்கியது அலைக்கழிப்பு. அதுவரை உடனுக்குடன் பதில் சொன்ன ஆள், மௌனம். விடாமல் எழுதியதும், “நைஜீரிய அச்சு ஒன்றுக்கு ஒன்று மாறும், உங்களுக்கு அனுபவம் போதாது” என்றார். அந்தக் குறியீட்டைப் படமெடுத்து அனுப்பினேன். “தட்டை நீங்களே மாற்றியிருக்கலாமே” என்று வந்தது. அதோடு என்னைத் தடைசெய்துவிட்டார்.

தளத்துக்காரர்கள் அதைவிட மோசம். ஒவ்வொரு மெயிலுக்கும் ஒவ்வொரு பெயரில் ஆள், ஆனால் வாசகம் ஒன்றுதான்: விற்பவரிடம் பேசித் தீர்த்துக்கொள்ளவும். ஒலிப்பதிவை அனுப்பினால் “ஒலிக்கோப்புகளை ஆதாரமாக ஏற்பதில்லை”. அடுத்து, தட்டு அசல் அல்ல என்று அங்கீகரிக்கப்பட்ட நிபுணரிடம் கடிதம் வாங்கி வரச் சொன்னார்கள். 1978-ல் எனுகுவில் வந்த தட்டுக்கு அங்கீகரிக்கப்பட்ட நிபுணர் எந்த ஊரில் உட்கார்ந்திருக்கிறார், அதையும் அவர்களே சொல்லியிருக்கலாம். கடைசியில், அடுத்த முறை வாங்கும்போது கழித்துக்கொள்ள 15 டாலர் கூப்பன். 420 டாலருக்கு 15 டாலர். அதற்கும் காலாவதி தேதி உண்டு.

எப்படிச் சோதிப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது அதற்குப் பொறுமை இல்லை, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். அந்த வெற்றுப் பகுதியின் படத்தை இரண்டு பக்கத்துக்கும் கேளுங்கள். லேபிளோடு சேர்த்து, ஒரே படத்தில், வெட்டாமல். நடுத் துளையைக் கிட்டத்தில் எடுக்கச் சொல்லுங்கள். ஒலி மட்டும் போதாது, ஊசி இறங்குவதிலிருந்து வீடியோ வேண்டும், அதில் உங்கள் பெயர் எழுதிய சீட்டு தெரிய வேண்டும். பார்சலைப் பிரிக்கும்போது நீங்களும் வீடியோ எடுங்கள், இல்லையென்றால் மாற்றியது நீங்கள்தான் என்பார்கள். பணத்தைக் கார்டில் கட்டுங்கள். கட்டிய பணத்தைத் திரும்பக் கேட்டு வங்கியில் மறுப்புப் போடக் கெடு இருக்கிறது, தளம் பதில் சொல்லட்டும் என்று காத்திருந்து அதைத் தவறவிடாதீர்கள். நான் இன்று காலை போட்டிருக்கிறேன், என்ன ஆகும் என்று பார்க்கலாம்.

இன்னொன்று. அந்த ஆள் இப்போது ஜாம்பியா ராக் தட்டு ஒன்றை ஏற்றியிருக்கிறார், எழுபதுகளின் நடுப்பகுதி என்று போட்டு. உறைக்கு நாலைந்து படம், தட்டுக்கு ஒன்றே ஒன்று, அதுவும் லேபிளை ஒட்டி வெட்டியது. கேட்கிற விலை 600 டாலர்.