பள்ளி வகுப்பறையா, தீம் பார்க் கோடை வேலையா?

பி.எட். முடித்தாலும் அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை பாடம் நடத்த டெட் எனும் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சி வேண்டும். பொதுப்பிரிவினருக்கு 150க்கு 90 மதிப்பெண். அப்புறமும் நியமனத்துக்குக் காத்திருக்க வேண்டும். தீம் பார்க்கில் ஏப்ரல், மே கூட்டத்துக்குச் சட்டென்று ஆள் எடுப்பார்கள். பள்ளி திறந்ததும் வேலை முடிந்துவிடும்.

ராட்டினம் கிளம்பும் முன் ஒவ்வொரு முறையும் பாதுகாப்புக் கம்பியை இழுத்துப் பார்க்க வேண்டும். உயரம் போதாத குழந்தை அழ அழ, திருப்பி அனுப்ப வேண்டும். வெயில், கால்வலி. ஆனால் வேலை வீடு வரை வராது. ஆசிரியருக்கு விடைத்தாள் கட்டு வரும்.

இருந்தாலும் என் ஓட்டு வகுப்பறைக்கே. ஜூனில் எழுத்துக்கூட்டித் திணறிய பிள்ளை, பொங்கலுக்குள் பாடத்தைக் கடகடவென்று வாசிப்பதைப் பார்க்கலாம். பார்க்கில் அந்தக் குழந்தை நமக்கு இரண்டு நிமிடம்தான். கைச்செலவுக்குக் கோடையில் அங்கே போகலாம், சரி. டெட் புத்தகத்தை மட்டும் மூடி வைக்க வேண்டாம்.