ஏஞ்சல் மீன் இணைக்காக வாங்கிய 45 செ.மீ. தொட்டி செட்: எட்டு மாதங்களுக்குப் பின் ஒரு மதிப்பீடு

கண்ணாடித் தொட்டி, விளக்கு பொருத்திய மூடி, தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும் பவர் ஃபில்டர், 100 வாட் ஹீட்டர் ஆகிய நான்கும் ஒரே பெட்டியில் வரும் செட் ஒன்றை, இணை சேர்ந்துவிட்ட இரண்டு ஏஞ்சல் மீன்களுக்காக வாங்கி எட்டு மாதங்கள் ஆகின்றன. பெட்டியின் மேல் ஏஞ்சல் மீனின் படம்தான் அச்சிடப்பட்டிருக்கிறது. ஆனால் இந்த செட் மீனை வைத்துப் பார்ப்பதற்காகச் செய்யப்பட்டதே தவிர, முட்டையிட்டுக் குஞ்சு வளர்ப்பதற்காகச் செய்யப்பட்டதன்று. தொட்டியையும் ஹீட்டரையும் வைத்துக்கொண்டு, ஃபில்டரை மாற்றி, விளக்கை வேறு விதமாகக் கையாண்ட பிறகே எனக்குக் குஞ்சுகள் பிழைத்தன.

தொட்டியில் குறை சொல்ல எதுவும் இல்லை. நீளம், அகலம், உயரம் மூன்றும் 45 செ.மீ.; மேலே சிறிது இடம் விட்டு நிரப்பினால் ஏறத்தாழ 80 லிட்டர் தண்ணீர் பிடிக்கிறது. வளர்ந்த ஏஞ்சல் மீனின் மேல் துடுப்பு நுனியிலிருந்து கீழ்த் துடுப்பு நுனி வரை அளந்தால் 20 செ.மீ.யைத் தாண்டும் என்பதால், இந்த மீனுக்கு நீளத்தைவிட உயரமே முக்கியம். அகலமாகவும் தாழ்வாகவும் இருக்கும் தொட்டிகளில் துடுப்புகள் தரையில் உரசி மடங்கிப் போவதை நான் பார்த்திருக்கிறேன். இதில் அந்தக் கவலை இல்லை. கண்ணாடி 8 மி.மீ. தடிமன், மூலைகளில் சிலிகான் ஒரே சீராகப் பூசப்பட்டிருக்கிறது. தண்ணீரோடு சேர்த்து நூறு கிலோவைத் தாண்டும் எடை என்பதால், அடியில் வைக்கும் மேசை மட்டமாக இருக்கிறதா என்பதை நிரப்புவதற்கு முன்பே சரிபார்த்துவிட வேண்டும்.

ஃபில்டர்தான் என்னை வருத்தியது. முதல் முறை பெண் மீன், நான் சாய்த்து வைத்திருந்த ஸ்லேட் பலகையை விட்டுவிட்டு, ஃபில்டரின் வழுவழுப்பான பக்கவாட்டிலேயே முட்டைகளை வரிசை வரிசையாக ஒட்டியது. செங்குத்தான, சுத்தமான பரப்பைத் தேடும் மீனுக்கு அது இயல்பான தேர்வுதான். ஆனால் தண்ணீர் வேகமாகப் பீறிடும் இடத்துக்கு அருகிலேயே முட்டைகள் இருந்ததால், ஆண் மீனால் அங்கே நிலையாக நின்று கருவூட்ட முடியவில்லை. மறுநாளே பெரும்பாலான முட்டைகள் வெளுத்துவிட்டன. அடுத்த முறை ஸ்லேட் பலகையில் இட்டார்கள். 28 டிகிரி வெப்பத்தில் இரண்டரை நாளில் முட்டைகள் பொரிந்தன. வாலை மட்டும் துடித்துக்கொண்டு பலகையில் தொங்கிய குஞ்சுகள், மேலும் ஐந்து நாட்கள் கழித்து நீந்தத் தொடங்கின. நீந்தத் தொடங்கிய அன்றே அவற்றில் பாதிக்கு மேல் ஃபில்டரின் உறிஞ்சும் துளைகளுக்குள் போய்விட்டன. மூடியைத் திறந்து பஞ்சை வெளியே எடுத்தபோது, கண் மட்டும் கரும்புள்ளியாகத் தெரிய அவை அதில் ஒட்டிக் கிடந்ததை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. அந்தத் துளைகளின் அகலம் 2 மி.மீ. என்பதைப் பெட்டியின் மேலேயே எழுதியிருந்தால், நான் முன்பே எச்சரிக்கையாக இருந்திருப்பேன்.

அதன் பிறகு ஏர் பம்ப்பில் ஓடும் சாதாரண ஸ்பான்ஜ் ஃபில்டருக்கு மாறினேன். குமிழ்கள் மேலே ஏறும்போது தண்ணீர் மெதுவாகப் பஞ்சின் வழியே இழுக்கப்படுகிறது. குஞ்சை உறிஞ்சும் வேகம் அதற்கு இல்லை. மீன் கழிவிலிருந்து உண்டாகும் நச்சான அம்மோனியாவைச் சிதைக்கும் பாக்டீரியா புதுப் பஞ்சில் இருக்காது என்பதால், வேறொரு தொட்டியில் ஐந்து வாரம் ஓடவிட்ட பிறகே அதை இங்கே கொண்டுவந்தேன். பஞ்சை அலசுவது தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில்தான். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் அலசினால் அந்த பாக்டீரியா செத்துவிடும். ஏர் பம்ப் தொட்டியின் நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தால், மின்சாரம் நிற்கும்போது தண்ணீர் குழாய் வழியே பம்ப்புக்குள் இறங்காமலிருக்க ஒரு செக் வால்வும் தேவை.

ஹீட்டர் நம்பகமானது. ஆயினும் அதன் திருகில் 28 என்று வைத்தால் தெர்மாமீட்டர் 30 காட்டுகிறது. எனவே தனித் தெர்மாமீட்டர் இல்லாமல் இதைப் பயன்படுத்தக் கூடாது. இரண்டு டிகிரி குறைத்து வைத்ததிலிருந்து வெப்பம் சீராகவே இருந்துவருகிறது.

விளக்கின் வெளிச்சம் கண்ணுக்கு அழகு, குறைத்துவைக்கத்தான் வழியில்லை. இருட்டில் சட்டென்று அது எரியும்போது இரண்டு மீன்களும் மிரண்டு கண்ணாடியில் மோதின. மிரண்ட பெற்றோர் தம் முட்டைகளைத் தாமே தின்றுவிடுவதும் உண்டு. இப்போது முதலில் அறை விளக்கைப் போட்டு, கால் மணி நேரம் கழித்தே தொட்டி விளக்கைப் போடுகிறேன். முட்டை இருக்கும் நாட்களில் அறையின் ஓரத்தில் ஒரு சிறிய இரவு விளக்கு எரிகிறது. அந்த மங்கிய ஒளியில் இரண்டும் மாறி மாறிப் பலகைக்கு முன் நின்று மார்புத் துடுப்பால் விசிறுவதையும், வெளுத்த முட்டையை மட்டும் வாயால் கொத்தி எடுப்பதையும் பார்த்துக்கொண்டே எத்தனையோ இரவுகள் தூக்கத்தைத் தொலைத்திருக்கிறேன்.

இந்த மாற்றங்களுக்குப் பின், மூன்றாம் முறையாக இட்ட முட்டைகளிலிருந்து வந்த 120க்கும் மேற்பட்ட குஞ்சுகள், அன்றன்று பொரித்த ஆர்ட்டீமியா என்னும் நுண்ணிய உப்புநீர் உயிரியைத் தின்று வளர்ந்து, நாணய அளவை எட்டின. இனப்பெருக்கத்துக்காக இதை வாங்குவோர், ஃபில்டர் இல்லாமல் தொட்டியும் ஹீட்டரும் மட்டும் தருவார்களா என்று கடையில் கேட்டுப் பாருங்கள். தந்தால் தாராளமாக வாங்கலாம். முழு செட்டாகத்தான் தருவோம் என்றால், அதில் வரும் ஃபில்டரைக் குஞ்சுகள் இல்லாத வேறொரு தொட்டிக்கு ஒதுக்கிவிட்டு, ஸ்பான்ஜ் ஃபில்டரை ஐந்து வாரம் முன்னதாகவே ஓடவிடத் தொடங்குங்கள்.