மாடித் தோட்டத்துச் சிவப்புக் கீரை: நேர் வெயிலா, நிழல்வலையா?

பெங்களூரு அல்சூர், ராமமூர்த்தி நகர் மொட்டை மாடிகளில் சிவப்புத் தண்டுக்கீரையை 50 சதவீதப் பச்சை வலைக்கு அடியில் விதைப்பவர்களுக்கு: முளைத்து முதல் வாரம் கடந்துவிட்டால் அந்தக் கீரைக்கு வலை தேவையே இல்லை.

அது மக்காச்சோளம் போல, பலத்த ஒளியிலும் வெப்பத்திலும் நன்றாக உணவு தயாரிக்கும் சி4 வகைச் செடி. கடும் வெயிலையும் வீணாக்காது. நேர் வெயிலில் பீட்டாசயனின் நிறமி நிறையச் சேர்ந்து, இலையின் அடிப்புறம்கூட ரத்தச் சிவப்பாக இருக்கும். வலைக்கடியில் இலையோரம் பச்சையாகும், தண்டு நெடுநெடுவென வளர்ந்து சாயும்.

கவனிக்க வேண்டியது நைட்ரேட், அதாவது மண்ணிலும் உரத்திலும் உள்ள தழைச்சத்தின் ஒரு வடிவம்; அது உண்ணும் கீரையில் மிகுதியாகத் தேங்குவது நல்லதல்ல. வேர் உறிஞ்சும் நைட்ரேட்டைப் புரதமாக்கும் முதல் படி, நைட்ரேட் ரிடக்டேஸ் என்ற நொதியின் வேலை. அது வேகமாக நடக்க ஒளி வேண்டும். நிழலும் யூரியாவும் சேர்ந்தால் தண்டில் நைட்ரேட் தேங்கிவிடும். அறுப்பதற்கு ஒரு வாரம் முன்பே உரத்தை நிறுத்துங்கள். விடிகாலையில் வேண்டாம், நாள் முழுக்க வெயில் பட்ட பிறகு மாலையில் அறுங்கள்.

வெயிலில் ஒரே சிக்கல், தொட்டி காய்ந்தால் சீக்கிரம் பூத்து இலை முரடாகிவிடும். ஏப்ரலில் இருவேளை தண்ணீர் ஊற்றுங்கள்.

வலை உதவுவது முளைவிடும் முதல் வாரத்தில்தான். மழைக்காலத்தில் அதுவும் வேண்டாம். ஈரம் காயாமல் இலையடியில் வெள்ளைக் கொப்புளமாக வெண்துரு என்ற இலைநோய் வந்துவிடும்.