டீபக்கரில் பழைய சிப் வொர்க்அரவுண்டுகள்: ஸ்விட்சா, சிப் எண்ணா, ஒரேயடியாக நீக்கமா?

சிறு சிப்புகளுக்குள் இருக்கும் செயலியான கார்டெக்ஸ்-எம்7 கோரின் ஆர்0பி0, ஆர்0பி1 பதிப்புகளில் ஒரு பிழை சிலிக்கானிலேயே இருக்கிறது. டீபக்கரில், அதாவது நிரலை நிறுத்தி நிறுத்திப் பிழை தேடும் கருவியில், ஒரே ஒரு இன்ஸ்ட்ரக்‌ஷனை மட்டும் ஓட்டி நிறுத்தினால் (இதுதான் ஸ்டெப்), காத்திருக்கும் இன்டர்ரப்ட்டின் (ஓடும் வேலையை இடைமறிக்கும் சமிக்ஞையின்) ஹேண்ட்லருக்குள் போய் நின்றுவிடலாம். எஸ்டிஎம்32எஃப்746 என்ற சிப்பில் இருப்பது இந்த ஆர்0பி1 கோர்தான். ஓப்பன்ஓசிடி என்ற திறந்த மூல டீபக் கருவி இதைக் கண்டதுமே ‘சிலிக்கான் பிழை’ என்று எச்சரிக்கும். எஸ்டிஎம்32எஃப்767-க்கு வந்த ஆர்1பி0-வில் இந்தச் சிக்கல் இல்லை.

எங்கள் அலுவலக டீபக்கரில் இதற்கு ஒரு வொர்க்அரவுண்ட், அதாவது பிழையைச் சுற்றிப்போகும் வழி, இருந்தது. ஸ்டெப்புக்கு முன் பிரைமாஸ்க் ரெஜிஸ்டரில் 1 எழுதும் (1 என்றால் இன்டர்ரப்ட்டுகள் அணைந்திருக்கும்), முடிந்ததும் பழைய மதிப்பைத் திருப்பி வைக்கும். புது போர்டுகள் எல்லாம் ஆர்1பி0-வுக்கு மாறியபின் இதை என்ன செய்வது என்று முடிவெடுக்க வேண்டிவந்தது. மூன்று வழிகள்: பயனரின் கட்டமைப்புக் கோப்பில் ஸ்விட்சாக வைப்பது, கோரின் அடையாள எண்ணைப் பார்த்துத் தேவைப்பட்டால் மட்டும் இயக்குவது, மொத்தமாக நீக்குவது. நான் எடுத்தது இரண்டாவது வழி. இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

சும்மா இருந்துவிட்டுப் போகட்டுமே என்று விட முடியாததற்குக் காரணம் உண்டு. ஃபர்ம்வேரில் (சிப்பில் ஓடும் நிரலில்) எல்லோரும் எழுதும் வரிசை இது: பிரைமாஸ்க்கைப் படித்து வை, இன்டர்ரப்ட்டை அணை, வேலையை முடி, படித்து வைத்ததைத் திருப்பி எழுது. அந்த முதல் வரியை ஸ்டெப் செய்யும் நேரத்தில் ரெஜிஸ்டரில் இருப்பது டீபக்கர் போட்ட 1. நிரல் 0-வுக்குப் பதிலாக அதைப் படித்து வைத்துக்கொள்ளும். அங்கிருந்து கன்டினியூ கொடுத்தால் கடைசி வரி 1-ஐயே திருப்பி எழுதும். அப்புறம் டைமர் இன்டர்ரப்ட் வராது, போர்டு உறைந்து நிற்கும். ஸ்டெப் செய்யாமல் ஓட்டினால் எல்லாம் ஒழுங்காக ஓடும். நல்ல சிப்பை வைத்திருப்பவர், தன் நிரலில் இல்லாத பிழையை நாள்கணக்கில் தேடுவார். டீபக்கர் பொய் சொல்வதைவிட மோசமானது வேறில்லை.

ஸ்விட்ச் எழுதுவது சுலபம், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் எழுதிய பிறகு அது இருப்பது நம் ரெபாசிட்டரியில் அல்ல, மற்றவர்களின் கோப்புகளில். ஒருவர் எஃப்746-க்காக அதைப் போடுவார். அடுத்த புராஜெக்டுக்கு அதே கோப்பு காப்பியாகும். சிப் மாறும், வரி மாறாது. நாம் அதை நீக்கினால் எல்லோருடைய ஸ்கிரிப்டும் பிழை காட்டும், அதனால் நீக்கத் துணிய மாட்டோம். எஸ்டி-லிங்க் வி2 என்ற இணைப்புக் கருவிக்கான பழைய கோப்பைக் கூப்பிட்டால், ‘இது வழக்கொழிந்தது, பொதுக் கோப்புக்கு மாறுங்கள்’ என்று ஓப்பன்ஓசிடி சொல்லும். எத்தனையோ டுடோரியல்களில் இன்னும் அந்தப் பழைய பெயர்தான் இருக்கிறது. பெயர் மாற்றத்துக்கே இந்தப் பாடு என்றால், ஒரு நடத்தையை எப்படித் திரும்பப் பெறுவது?

அடையாள எண்ணைப் பார்க்கும் வழியில் இந்தத் தொல்லை இல்லை. கனெக்ட் ஆனதும் அந்த எண் இருக்கும் சிபியுஐடி ரெஜிஸ்டரை ஒருமுறை படிக்கிறோம். கோர் எம்7, வேரியன்ட் (‘ஆர்’ எண்) 0, ரிவிஷன் (‘பி’ எண்) 2-க்குக் கீழே என்றால் மட்டுமே வொர்க்அரவுண்ட் ஓடும், லாகில் ஒரு வரியும் விழும். மற்ற சிப்புகளில் பிரைமாஸ்க்கை யாரும் தொடமாட்டார்கள். முக்கியமாக, நாளை அந்த வரிகளை அழித்தால் பாதிப்பு அந்தப் பழைய கோரை வைத்திருப்பவருக்கு மட்டும்தான். யாருடைய கோப்பிலும் கைவைக்க வேண்டியதில்லை. பராமரிப்பில் எனக்குப் பெரிதாகப்படுவது இதுதான்: சேர்க்கும் செலவைவிட, பின்னாளில் எடுக்கும் செலவு.

எண்ணே பொய் சொல்லும் சிப்புகளும் உண்டு. எஸ்டிஎம்32எஃப்4 வரிசையின் ‘ஏ’ ரிவிஷனில் சாதன எண் 413 என்று வருவதற்குப் பதில் எஃப்2 வரிசையின் 411 வரும். ஓப்பன்ஓசிடி அங்கே கோர் எண்ணையும் சேர்த்துப் பார்க்கிறது: எஃப்2-வில் கார்டெக்ஸ்-எம்3, எஃப்4-இல் கார்டெக்ஸ்-எம்4. 411 என்று வந்தும் கோர் எம்4 என்றால் அது எஃப்4-தான். ஆக, முடிந்தவரை இரண்டு எண்களைப் பாருங்கள்.

ஒரேயடியாக நீக்குவதில் எனக்கு அனுபவம் குறைவு. ஆனால் எங்கே அது சரி என்று ஜிடிபி என்ற டீபக்கர் காட்டியிருக்கிறது. நினைவக எல்லை மீறலைக் கண்டுபிடிக்கும் இன்டெலின் எம்பிஎக்ஸ் வசதி 2015-இல் ஸ்கைலேக் செயலிகளுடன் வந்தது. ஜிசிசி கம்பைலர் 2019-இல் 9ஆம் பதிப்பில் அதைக் கைவிட்டது, லினக்ஸ் கர்னல் 2020-இல் 5.6-இல் எடுத்துவிட்டது. ஜிடிபி 2024-இல் வந்த 15ஆம் பதிப்பில் எம்பிஎக்ஸ் கட்டளைகளை வழக்கொழிந்தவை என்று அறிவித்தது. கம்பைலரும் கர்னலும் விட்டபிறகு, டீபக்கரில் மட்டும் வைத்து யாருக்குப் பயன்? எங்கள் எஃப்746 நிலைமை அப்படியில்லை. அந்த போர்டுகள் வாடிக்கையாளரிடம் இன்னும் ஓடுகின்றன, சோதனை ரேக்கிலும் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு வெளியீட்டுக்கும் முன்பு அதில் ஸ்டெப் சோதனை ஓடும். ரேக்கில் போர்டு இல்லாமல் போனால் அந்த வரிகளும் போகும், ஏனென்றால் ஓட்டிப் பார்க்க முடியாத வொர்க்அரவுண்டுக்கு நான் பொறுப்பேற்க மாட்டேன்.

நான் சொன்னதெல்லாம் கார்டெக்ஸ்-எம் உலகத்துக்கு. ரிஸ்க்-5 என்ற வேறு வகைக் கோர்களில் தயாரிப்பாளர் எண், வடிவமைப்பு எண், பதிப்பு எண் மூன்றுமே 0 என்று வரலாம், விதிமுறையே அதை அனுமதிக்கிறது. அப்படிப்பட்ட கோரில் ஸ்விட்ச்தான் கைகொடுக்கும். அங்கே நான் அதிகம் வேலை செய்ததில்லை. செய்வதானால், எந்த வெளியீட்டில் எடுக்கப்போகிறோம் என்பதை ஸ்விட்ச் வைக்கும் அன்றே உதவிக் குறிப்பில் எழுதிவிடுவேன்.