மார்க் போட அறுவடை வரைக்கும் பொறுக்கணும்: எங்கள் ஆப்பின் புள்ளிக் கணக்கு, ஐந்து வருஷத்துக்குப் பிறகு

நீலகிரியில் கேத்திப் பக்கம் மலைக்காய்கறி போடுகிற நாங்கள் எழுபது சொச்சம் பேர் ஒரு கேள்வி-பதில் ஆப் வைத்திருக்கிறோம். அதில் இன்று என் பெயருக்குப் பக்கத்தில் 612 என்று நிற்கிறது. மூன்று வருஷத்துக்கு முன்னால் இது 1,410. இறங்கிய விதத்தைச் சொன்னாலே இந்தப் புள்ளி முறையைப் பற்றிப் பாதி சொன்ன மாதிரி.

ஆப்பைச் செய்தது என் அக்கா மகன். 2020 ஊரடங்கில் கோயம்புத்தூர் வேலையை வீட்டிலிருந்தே பார்த்துக்கொண்டு, சாயங்காலங்களில் இதைத் தட்டிக்கொண்டிருந்தான். புள்ளி விதிகளை ஸ்டாக் ஓவர்ஃப்ளோவிலிருந்து அப்படியே எடுத்தான். கம்ப்யூட்டர் நிரல் எழுதுகிறவர்கள் 2008 முதல் சந்தேகம் கேட்கிற இணையதளம் அது. பதிலுக்கு ஓர் ஓட்டு விழுந்தால் 10, கேட்டவர் ஏற்றுக்கொண்டால் 15, மைனஸ் விழுந்தால் 2 போகும். "உலகம் பூரா ஓடுற கணக்கு மாமா, நமக்கு ஓடாதா?" என்றான். எனக்கும் சரியென்றுதான் பட்டது.

முதல் இரண்டு வருஷம் நான்தான் ராஜா. பாதி ராத்திரியில் தூக்கம் வராது, போன் கையிலேயே இருக்கும், யார் எது கேட்டாலும் முதல் பதில் என்னுடையது. ஒருநாள் ஒரு தம்பி முட்டைக்கோஸ் படம் போட்டார். வெயில் ஏறினால் இலை தொங்குகிறது, சாயங்காலம் நிமிர்கிறது. ஐந்தே நிமிஷத்தில் ஒரு பூஞ்சாண மருந்தின் பெயரை எழுதிப் போட்டேன். 14 ஓட்டு, 140 புள்ளி. ராத்திரி எட்டு மணிக்கு இன்னொருவர், செடியைப் பிடுங்கி வேரைப் பாருங்கள், இஞ்சிக் கிழங்கு மாதிரி வீங்கியிருந்தால் அது கிளப் ரூட் என்கிற வேர் நோய், தெளிக்கிற மருந்துக்குக் கேட்காது என்று எழுதினார். நம் மண் புளிப்பு மண், சுண்ணாம்பு போட்டு அதை மாற்ற வேண்டும், சில வருஷம் அந்த இடத்தில் கோஸ், முள்ளங்கி வகையே வைக்கக் கூடாது என்றும் சொல்லியிருந்தார். அவருக்கு விழுந்தது 3 ஓட்டு. அவர் சொன்னதுதான் சரி. அந்தத் தம்பி என் பேச்சைக் கேட்டு மருந்துக்கும் காசு விட்டார், பாதிப் பாத்தியையும் விட்டார். என் 140 மட்டும் பத்திரமாக இருந்தது.

எனக்கு ஓட்டுப் போட்ட 14 பேரில் ஒருவர்கூட அந்த மருந்தை அடித்துப் பார்த்தவரில்லை. அதற்கு நேரமே இல்லையே! நிரல் எழுதுகிறவர் பதிலை எடுத்து ஓட்டிப் பார்த்தால் அடுத்த நிமிஷம் தெரிந்துவிடும். கேரட்டுக்கு 100 நாளுக்கு மேல் ஆகும். பலன் தெரியுமுன் விழுகிற ஓட்டெல்லாம் பேச்சு நன்றாயிருக்கிறது என்பதற்கு விழுகிற ஓட்டு. மருமகனிடம் போய் இதைச் சொன்னது நான்தான். அதனால் நான் இழக்கப்போவது 1,020 புள்ளி என்று அப்போது தெரியாது.

இப்போது உடனே விழுகிற ஓட்டுக்கு 2 புள்ளிதான். ஏற்றுக்கொள்ளும் பொத்தான் அந்தப் பயிரின் அறுவடைக் காலம் வரை பூட்டியிருக்கும். பழைய பதில்களையும் இதே முறையில் திருப்பிக் கணக்குப் போட்டதில் நான் 390க்கு வந்தேன். ஒரு வாரம் ஆப்பைத் திறக்கவில்லை. இதில் ஒரு சிக்கல் வந்தது: மூட்டை மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போனபின் யார் திரும்பி வந்து மார்க் போடுவார்கள்? விலை விழுந்திருந்தால் கேட்கவே வேண்டாம். நினைவூட்டல் அனுப்பிப் பார்த்தோம், திட்டுதான் வந்தது. கடைசியில் ஒரு விதி வைத்தான்: போன போகத்துக் கேள்விக்கு முடிவு சொல்லாமல் இந்தப் போகத்தில் புதுக்கேள்வி கேட்க முடியாது. அது பிடித்துக்கொண்டது.

மைனஸ் விஷயம் இன்னும் முழுசாகச் சரியாகவில்லை. பெயர் தெரிந்தால் யாரும் போடமாட்டார்கள். போட்டால் நாளைக்குக் கல்யாண வீட்டில் எதிரே உட்கார வேண்டும். பெயரை மறைத்தால் வரப்புத் தகராறெல்லாம் மைனஸாக வந்து நிற்கிறது. இணையத்தில் பொருள் வாங்கி விற்கிற ஈபேயிலேயே பழிக்குப் பழி வாங்குகிற மார்க் தொல்லை தாங்காமல், 2008ல், விற்பவர் வாங்குபவருக்குக் குறை மார்க் போடுவதை நிறுத்தினார்கள். நாங்கள் பெயரை மறைத்தோம், ஆனால் மைனஸ் போடுகிறவர் கணக்கிலும் 1 புள்ளி குறையும், காரணமும் எழுத வேண்டும். கொஞ்சம் அடங்கியிருக்கிறது.

எந்தப் பதில் மேலே வரவேண்டும் என்கிற வரிசைக் கணக்கில், எத்தனை பேர் செய்து பார்த்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்கிற வில்சன் சூத்திரத்தை மருமகன் போட்டிருக்கிறான். 1927ல் வந்ததாம். 2 பேர் செய்து 2 பேருக்கும் பலித்த பதிலை அது 34 சதவீதம் என்று எடுக்கிறது. 20ல் 18 பேருக்குப் பலித்ததை 70 என்று. உள்ளே என்ன நடக்கிறதென்று எனக்குப் புரியாது. வரிசை நியாயமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

எனக்கு ரொம்பப் பிடித்தது உயரக் கணக்கு. ஊட்டி கிட்டத்தட்ட 2,240 மீட்டர், கூடலூர் ஏறக்குறைய 1,000. ஒரே மாவட்டம், ஆனால் அங்கே பலித்தது இங்கே உறைபனியில் கருகும். அதனால் புள்ளியைப் பயிர்வாரியாகவும் உயரவாரியாகவும் பிரித்தாயிற்று. உருளையில் 900 வாங்கியவர் தேயிலைக் கொப்புள நோய்க்குப் பதில் சொன்னால் பெயருக்குப் பக்கத்தில் பூஜ்யம் என்றுதான் காட்டும். அவர் இதில் இன்னும் கோபமாக இருக்கிறார்.

தீராத குறை ஒன்று உண்டு. ஒரு போன் நம்பருக்கு ஒரு கணக்கு. நம்பர் வீட்டு ஆண் பெயரில் இருக்கிறது. களையெடுத்து, செடியைத் தினம் பார்ப்பது பெண்கள். என் கேரட் புள்ளியில் பாதி என் மனைவி சொல்லி நான் தட்டியது. "பதில் என்னோடது, பேரு உங்களோடதா?" என்று அவள் கேட்டு வருஷம் ஒன்றாகிறது. ஒரு நம்பரில் இரண்டு பெயர் வைக்க வழி செய்யச் சொன்னேன். கடைபோகத்துக்குள் முடித்துவிடுகிறேன் மாமா என்கிறான். போன கடைபோகத்திலும் அதைத்தான் சொன்னான்.