கார் முன்கண்ணாடியைக் கழுவும் வாஷர் தொட்டியில் குழாய்த் தண்ணீரா, வாஷர் திரவமா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் வட்டாரத்துக்குள்ளேயே ஓட்டுகிறவருக்குக் குழாய்த் தண்ணீர் போதும் என்றுதான் நானும் இருந்தேன். செலவில்லை, தூசியும் போய்விடும். கரும்பு வெட்டும் காலத்தில் டோங்காட் பக்கம் போனபோதுதான் சங்கதி புரிந்தது. வயலைக் கொளுத்தும்போது பறக்கும் கரி, கடற்காற்றின் உப்பு, பூச்சி எல்லாம் சேர்ந்த பிசுக்கைத் தண்ணீர் கண்ணாடி முழுக்க இழுவிவிட்டது. வாஷர் திரவம் அதைக் கரைத்து எடுக்கிறது. பாத்திரம் கழுவும் சோப்பைக் கலப்பவர்களும் உண்டு. நுரை காய்ந்து படலமாகிவிடும், வேண்டாம்.

இங்கே குளிர்காலமான ஜூலையில் என்3 நெடுஞ்சாலை வழியாக ஜோகன்னஸ்பர்க் போகிறவர் யோசிக்கவே வேண்டாம், திரவம்தான். வான் ரீனன் கணவாய்ப் பக்கம் இரவில் குளிர் 0 டிகிரிக்குக் கீழே போகும். தண்ணீர் உறைந்தால் தொட்டியும் பம்பும் விரிசல் விடலாம். திரவத்திலும் உறையாத வகைதானா என்று லேபிளைப் பாருங்கள்.

அப்புறம், எதை ஊற்றினாலும் சரி, வைப்பர் லீவரை இழுத்தும் பீய்ச்சவில்லை என்றால் உடனே விட்டுவிடுங்கள். காலித் தொட்டியில் ஓடினால் பம்ப் கெட்டுப்போகும். தொட்டி நிறைந்திருந்தும் மோட்டார் சத்தம் மட்டும் கேட்டால் பெரும்பாலும் பீய்ச்சும் துளையில் அடைப்பு; மெல்லிய ஊசி போதும். சத்தமே இல்லையா, முதலில் ஃப்யூஸைப் பாருங்கள்.