கேதார்நாத் ஹெலிகாப்டர் டிக்கெட்டில் நாங்கள் ஏமாந்த விதம்

ஹரித்வார், கேதார்நாத், கார்பெட் புலிகள் காப்பகம் ஆகிய மூன்றையும் ஒரே பயணத்தில் பார்த்துவிடலாம் என்று மே மாதக் கடைசியில் குடும்பத்தோடு உத்தராகண்டுக்குப் போன நாங்கள், ஹெலிகாப்டர் டிக்கெட்டுக்காகக் கட்டிய 38,000 ரூபாயைப் பறிகொடுத்துவிட்டுத் திரும்பினோம். அடுத்த யாத்திரைக்குத் திட்டமிடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டட்டும்.

அம்மாவுக்கு எழுபது வயது, முழங்கால் வலி வேறு. கௌரிகுண்டிலிருந்து ஏறும் பாதை, 2013 வெள்ளத்தில் வழியிலிருந்த ராம்பாடா என்ற ஊர் அடித்துச் செல்லப்பட்ட பிறகு, முன்பிருந்த 14 கிலோமீட்டரைவிட நீண்டுவிட்டது. கோயிலோ 3,500 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. அதிகாரபூர்வத் தளத்தில் இடம் கிடைக்காத எரிச்சலில், இணையத் தேடலில் கண்ணில் பட்ட வேறொரு தளத்தின் வாட்ஸ்அப் எண்ணுக்குச் செய்தி அனுப்பினேன். பத்தே நிமிடத்தில், நான்கு இடங்கள் இருப்பதாகவும் உடனே பணம் கட்டினால்தான் நிற்கும் என்றும் பதில் வந்தது. பணம் போய்ச் சேர்ந்தது யாரோ ஒரு தனிநபரின் கணக்குக்கு. அங்கேயே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும்.

ஃபாட்டா ஹெலிகாப்டர் தளத்துக்குக் காலை ஆறரைக்கே போய் நின்றோம். முகப்பில் இருந்த இளைஞர் பயணிகள் பட்டியலில் மேலிருந்து கீழாக இருமுறை விரலை ஓட்டிப் பார்த்தார். எங்கள் பெயர்கள் இல்லை. பிறகு நாங்கள் கொடுத்த தாளை எங்கள் பக்கமே திருப்பி, "இதில் உங்கள் யாத்திரைப் பதிவு எண் எங்கே?" என்று அமைதியாகக் கேட்டார். கேதார்நாத் உள்ளிட்ட நான்கு தலங்களுக்கான சார்தாம் யாத்திரைக்குப் பதிவு செய்த எண்ணைக் கொடுக்காமல் கேதார்நாத் ஹெலிகாப்டருக்கு முன்பதிவே செய்ய முடியாது. எங்களிடம் அந்த எண் இருந்தது. டிக்கெட் அனுப்பியவர் அதைக் கேட்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. எங்களுக்குப் பின்னால் இன்னொரு குடும்பமும் அதே மாதிரித் தாளோடு நின்றுகொண்டிருந்தது.

குப்தகாசி, ஃபாட்டா, சேர்சி ஆகிய எந்தத் தளத்திலிருந்து பறப்பதானாலும், 2023 முதல் முன்பதிவு ஐஆர்சிடிசியின் ஹெலியாத்ரா இணையதளத்தில்தான். அங்கே இடம் இல்லையென்றால், வேறு யார் இருக்கிறது என்று சொன்னாலும் நம்பாதீர்கள். அம்மா குப்தகாசி விசுவநாதரைத் தரிசித்துவிட்டு, அதுவே போதும் என்றார்.

கார்பெட்டுக்கு வாசலான ராம்நகரிலும் சிறு ஏமாற்றம் காத்திருந்தது. காப்பகத்துக்குள் இருக்கும் பிஜ்ரானி பகுதி என்று பேசிப் பணம் வாங்கிய ஜீப்காரர் எங்களைச் சீதாவனிக்கு அழைத்துப் போனார். அதுவும் அழகான காடுதான், மறுக்கவில்லை. ஆனால் அது புலிகள் காப்பகத்துக்கு வெளியே, ராம்நகர் வனக்கோட்டத்தில் இருக்கிறது. அனுமதிச் சீட்டில் எந்தப் பகுதி என்று அச்சிட்டிருக்கிறது என்பதை ஏறும் முன்பே வாங்கிப் படித்திருந்தால் தப்பித்திருப்போம்.

சைபர் குற்ற உதவி எண்ணான 1930-இல் அன்றே புகார் கொடுத்தோம். பணம் கட்டி மூன்று வாரம் ஆகிவிட்டதால் அந்தக் கணக்கில் எதுவும் மிஞ்சவில்லை என்று சொன்னார்கள். அந்த வாட்ஸ்அப் எண் மட்டும், கேதார்நாத் கோயிலை முகப்புப் படமாக வைத்துக்கொண்டு, இன்னும் இயங்கிக்கொண்டிருக்கிறது.